கீழ்த்தளத்தில் ஒலிக்காத பேஜர்

தவமணிக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கும் ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் முன்கூடத்துக்குப் பின்னால், சன்னல் இல்லாத சின்ன அறையில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவள் நாள் முழுக்க இருக்க வேண்டும். இருப்பாள், எழுவாள், வயர் எட்டும் தூரம் வரை நடப்பாள், திரும்புவாள். கூட வேலை பார்த்த தனலெட்சுமி, "அக்கா, நீங்க நடக்கிறத பாத்தா எனக்குக் கால் வலிக்குதுலா" என்று கேலி பண்ணுவாள்.

தவமணியுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். பிள்ளைகள் படிக்க வேண்டும், அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பதற்கு மேல் அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை. மூத்தவள் நல்லம்மா அப்படியே ஆசிரியை ஆனாள். இளையவள் தவமணி பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு யாரையும் கேட்காமல் பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் போய்ச் சேர்ந்தாள். வாக்கிடாக்கி செய்யும் பேக்டரி. எழுபதுகளின் நடுவில் கம்பம் என்கிற கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக அங்கே போய்க்கொண்டிருந்த காலம். கிராணி வீட்டுப் பெண் அந்த பஸ்ஸில் ஏறியதை அப்பாவால் கடைசிவரை விழுங்க முடியவில்லை. இரண்டு சம்பந்தங்கள் வந்தன. இரண்டையும் அவளே வேண்டாம் என்றாள். அப்பா போனபிறகு சுங்கை பினாங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள்.

பேக்டரியில் அவளைச் சோதனைப் பிரிவில் போட்டார்கள். அங்கே செம்புத் தகட்டால் ஆறு பக்கமும் மூடிய ஓர் அறை உண்டு. வெளி அலை எதுவும் உள்ளே வராது, உள்ளே இருப்பது வெளியே போகாது. செய்து முடித்த வாக்கிடாக்கிகளை அதற்குள் வைத்துத்தான் சோதிப்பார்கள். அப்படி மூடிய அறைக்குள் மூச்சு முட்டவில்லையே, காற்று எப்படி வருகிறது என்று அவள் தேடிப் பார்த்தாள். மேலே ஒரு மூலையில் தேன்கூடு மாதிரி, சின்னச் சின்னக் கண்களாக ஒரு தகடு பதித்திருந்தது. காற்றுக்கு வழிவிடுகிற ஓட்டை அலைக்கு ஏன் வழிவிடவில்லை? அங்கிருந்த பொறியாளரைப் போட்டுக் குடைந்தாள். அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அலைக்கும் ஓர் அகலம் உண்டு. ஓட்டை அதைவிடக் குறுகலாக இருந்தால் வாசலிலேயே நின்றுவிடும். அகலமான இரும்புக் குழாயாக இருந்தால் அலை உள்ளே புகுந்து வெகுதூரம் ஓடும். அதைக் கேட்டுவிட்டு அவள் தன் வேலைக்குத் திரும்பினாள். எண்பத்தைந்தில் தொழில் படுத்து ஆட்களைக் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவமனை வேலை.

மருத்துவமனையில் டாக்டர்களைக் கூப்பிட பேஜர். கூரையில் ஒரு ஏரியல். இணைப்பகத்தில் எண்ணை அழுத்தினால் டாக்டரின் இடுப்பில் மாட்டியிருக்கும் பேஜர் கூவும், அவர் பக்கத்தில் இருக்கிற தொலைபேசியை எடுத்து, என்ன விஷயம் என்று கேட்பார். மேல் மாடிகளில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைக்கூடம், அறுவை அறைகள் எல்லாம் தரைக்குக் கீழே இருந்தன. தலைக்கு மேல் கனத்த கான்கிரீட், எக்ஸ்ரே அறைச் சுவரில் ஈயத்தகடு வேறு. கீழே போன டாக்டருக்கு பேஜர் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

தவமணியைத் தின்றது அதுதான். எண்ணை அழுத்தியபிறகு அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. டாக்டர் கூப்பிட்டால் சேர்ந்தது. கூப்பிடாவிட்டால் அவர் கை வேலையாக இருக்கலாம், கழிவறையில் இருக்கலாம், கீழே இருக்கலாம். அவள் எழுந்து நடப்பாள். மறுபடி அழுத்துவாள். மறுபடி நடப்பாள்.

தொண்ணூற்று நான்கில் ஒரு மத்தியானம். தனலெட்சுமி சாப்பிடப் போயிருந்தாள். பிரசவப் பகுதியிலிருந்து அழைப்பு வந்தது. பாலிக் புலாவிலிருந்து வந்திருந்த காமாரியா என்ற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தபின் ரத்தம் நிற்கவில்லை, மயக்க மருந்து டாக்டர் குலசேகரம் உடனே வேண்டும் என்றார்கள். தவமணி அழுத்தினாள். பதில் இல்லை. மறுபடி அழுத்தினாள். எக்ஸ்ரே அறைக்குப் போன் அடித்தால், அங்கே யாரோ பேசிக்கொண்டே இருந்ததால் இணைப்பு கிடைக்கவில்லை. பரிசோதனைக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. பிரசவப் பகுதியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை பேசிய தாதியின் குரல் உடைந்திருந்தது.

தவமணி ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்று போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் குலசேகரம் எக்ஸ்ரே அறையின் உள் மூலையில் விளக்குப் பலகையில் படம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இடுப்பில் பேஜர் சும்மா கிடந்தது.

காமாரியா பிழைத்துக்கொண்டாள். பிள்ளையும் நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் இணைப்பகத்தில் ஆளே இல்லை. வெளியிலிருந்து கூப்பிட்ட இயக்குநர் ஒருவருக்குப் பதில் கிடைக்கவில்லை. நிர்வாகி ஷேக் அலாவுதீன் அவளைக் கூப்பிட்டு, செய்தது நல்ல காரியம்தான், ஆனால் இனிமேல் இருப்பிடத்தை விட்டுப் போகக் கூடாது என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். அன்றிரவு வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அடுத்த தடவை ஓடக் கூடாது என்றால் என்னதான் செய்வது என்பதே மனதில் சுற்றிச் சுற்றி வந்தது.

கீழ்த்தளத்துக்குத் தனி ஏரியலும் கம்பியும் போடலாம். அதற்கு உட்கூரைப் பலகையெல்லாம் கழற்ற வேண்டும், அறுவை அறைகளை வாரக்கணக்கில் மூட வேண்டும் என்று பேஜர் கம்பெனி சொன்னதும் நிர்வாகம் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டது. தவமணி மதிய உணவு நேரத்தில் ஒரு பழைய பேஜரை இடுப்பில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினாள். மேலே தனலெட்சுமி விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருப்பாள். படிக்கட்டின் பாதி வரை கேட்கும், கீழ்ப்படியில் நின்றுபோகும். தாழ்வாரம் முழுக்க மௌனம். தாதிகள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் தாழ்வாரத்தின் நடுவில், ஏர்கோன் காற்று வரும் ஒரு சதுரக் கிராதிக்குக் கீழே, பேஜர் கூவியது. ஓரடி தள்ளினாள், இல்லை. திரும்பி வந்தாள், மறுபடி கூவியது. தலையை நிமிர்த்தி அந்தக் கிராதியைப் பார்த்தபடி நின்றவளுக்குச் செம்பு அறையின் தேன்கூடு ஞாபகம் வந்தது. அங்கே சிறிய ஓட்டை அலையை நிறுத்தியது. இங்கே எங்கேயோ ஒரு பெரிய ஓட்டை அதை உள்ளே விட்டிருக்கிறது.

நேரே பீட்டரிடம் போனாள். பீட்டர் மருத்துவமனையின் பராமரிப்புப் பொறியாளர். புலாவ் தீக்குஸ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, அவளைவிட இளையவர், எல்லாவற்றையும் நிதானமாகச் செய்கிற மனிதர். அவள் நின்றுகொண்டே கொட்டியதை அவர் உட்கார்ந்தபடி கேட்டார். பிறகு கட்டட வரைபடத்தை விரித்தார். அந்தக் கிராதிக்கு மேலே இருப்பது வெளிக்காற்றுக் குழாய், நேரே கூரை வரை போகிறது, அதன் வாய் பேஜர் ஏரியலுக்குப் பக்கத்தில்தான் திறந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

"அப்ப மத்தக் குழாயிலயும் விட்டா போகுமா?" என்று தவமணி கேட்டாள்.

"போகும்னுதான் தோணுது. ஆனா அறுவை அறைக்குப் போற டக்ட நான் தொட மாட்டேன்கா. அதுல காத்த வடிகட்டுற பில்டர் இருக்கு. நெருப்பு வந்தா மூடுற கதவு வேற அங்கங்க இருக்கு. அவசரப்படாதீங்க."

அவசரப்படாமல் இருக்க அவளுக்குத் தெரிந்திருந்தால் அவள் தவமணியே இல்லை. இருந்தும் முறைப்படி நிர்வாகியிடம் அனுமதி கேட்டார்கள். பார்க்கலாம் என்றார். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் பார்க்கலாம் என்றார். சீனப் பெருநாள் வந்து போனது, நோன்புப் பெருநாள் வந்து போனது. அவள் அழுத்திக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தாள். ஒவ்வொரு தடவை பதில் தாமதித்தபோதும் படிக்கட்டு கண்முன் வந்தது. கடைசியில் பீட்டரும் பொறுமை இழந்தார். அறுவை ஏதும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுமதிக்குக் காத்திராமல், பூசை முடிந்து கோயில் சட்டையோடே வந்தார்.

கூரை ஏரியலுக்குப் போகும் கம்பியிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, கீழ்த்தளத்து ஏர்கோன் இயந்திர அறைக்குக் கொண்டுவந்தார்கள். விசிறிப் பெட்டியின் மூடியைத் திறந்து, முழ நீளத்தில் ஒரு சிறிய ஏரியலை உள்ளே பொருத்தினார்கள். தனலெட்சுமி மேலிருந்து அழுத்தினாள். இயந்திர அறையில் பேஜர் காதைக் கிழித்தது. தாழ்வாரத்தில் ஒன்றுமே இல்லை. ஏரியலை அப்படித் திருப்பு, இப்படித் திருப்பு என்று தவமணி பீட்டரைப் படுத்தினாள். எதுவும் நடக்கவில்லை. முதலில் போய் ஏதாவது சாப்பிடலாம் என்று அவர் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

காப்பிக்கடையில் அவள் மீ நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள், ஒரு வாய் வைக்கவில்லை. பீட்டர் முழுத் தட்டையும் முடித்து, காப்பியையும் குடித்துவிட்டுச் சொன்னார்:

"பெட்டிக்கும் டக்டுக்கும் நடுவுல துணி இருக்குக்கா. விசிறி ஆட்டம் குழாய்க்குப் போகக் கூடாதுன்னு கேன்வாஸ் துணி வச்சு இணைச்சிருப்போம். நாம துணிக்கு இந்தப் பக்கம் வச்சிட்டோம்."

இரும்பு விட்டுப்போன அந்த இடத்தில் அலை வெளியே வழிந்து இயந்திர அறையையே நிரப்பியிருக்கிறது. அவள் அப்போதே எழுந்துவிட்டாள். திரும்பிப் போய், துணியைத் தாண்டிக் குழாயின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை போட்டு ஏரியலை உள்ளே விட்டார்கள். தவமணி தாழ்வாரத்துக்கு ஓடினாள். பேஜர் கூவியது. நடந்தாள், கூவியது. எக்ஸ்ரே வாசலில் கூவியது, உள் மூலையில் விளக்குப் பலகைக்கு முன்னால் கூவியது. அந்த ஆளில்லாத அறையில் நின்று அவள் பேஜரை அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக்கூடத்தில் மட்டும் இல்லை. அங்கே போகும் கிளைக்குழாய் குறுகல். தேன்கூட்டுக் கண் மாதிரி அது அலையை வாசலிலேயே நிறுத்தியது. அதை எப்படித் தாண்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பீட்டர் யோசித்து, பெரிய குழாய்க்குள் ஒரு குட்டி ஏரியல், கிளைக்குழாயின் கிராதிக்குப் பின்னால் இன்னொரு குட்டி ஏரியல், இரண்டையும் இணைக்க ஒரு கம்பி என்று போட்டார். கூடத்தின் கதவோரத்திலிருந்து பாதி வரை கேட்டது. அதற்கு மேல் வரவில்லை.

அதன்பின் சில மாதங்கள் மருத்துவமனையில் யாருக்கும் எதுவும் தெரியாது. கீழே பேஜர் கேட்கிறது என்பதையே டாக்டர்கள் கவனிக்கவில்லை. கம்பெனிக்காரன் வந்து சரிபண்ணியிருப்பான் என்று நினைத்திருப்பார்கள். தவமணி எண்ணை அழுத்தினால் கீழிருந்து குரல் வந்தது. நாற்காலியில் அரைமணி நேரம்கூட இருந்து பார்த்தாள். ஆனால் அனுமதி இல்லாமல் செய்த காரியம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. நோயாளிக்கு மருந்து ஏற்றும் இயந்திரம் ஏதாவது கோளாறு பண்ணியதாகப் பேச்சு வந்தால், அது தன்னாலோ என்று காது கொடுத்துக் கேட்பாள்.

கடைசியில் ஏர்கோன் கழுவ வந்த வெளியாள் குழாய்க்குள் கம்பியைப் பார்த்துவிட்டு நிர்வாகியிடம் போய்ச் சொன்னான்.

ஷேக் அலாவுதீன் இருவரையும் நிற்க வைத்தே கேட்டார். பொறியாளர் தாம்தான், பொறுப்பு தம்முடையது என்று பீட்டர் ஆரம்பித்தார். தவமணி குறுக்கிட்டாள்.

"நான்தான் சார் கேட்டேன். நான் கேக்காட்டி இவர் செஞ்சிருக்க மாட்டார்."

அவர் சத்தம் போடவில்லை. நெருப்பு வந்து அந்தக் கம்பி வழியாகப் பரவினால் யார் பதில் சொல்வது, ஒரு நோயாளியின் இயந்திரம் நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதுதான் அதிகம் வலித்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். பீட்டர் கழற்றினார்.

மறுநாளிலிருந்து கீழ்த்தளம் பழையபடி ஊமையானது. முன்பு சந்தேகமாவது இருந்தது. இப்போது எண்ணை அழுத்தும்போதே அது போகாது என்று அவளுக்குத் திட்டமாகத் தெரியும். வயர் இழுத்து இழுத்து ஹெட்செட்டின் முனை பிய்ந்துபோனது. வேலையை விட்டுவிடலாமா என்று நல்லம்மாவிடம் பேச்சை எடுத்தாள். அக்கா சுள்ளென்று விழுந்தாள்.

"உனக்கு எந்த இடத்திலயும் இருக்கேலாதே? அது உன்ர ஆஸ்பத்திரியே? அவையள் பாத்துக்கொள்ளுவினம்."

அந்த வாரமே டாக்டர் குலசேகரம் இணைப்பகத்தைத் தேடிக்கொண்டு தாமே வந்தார். டாக்டர்கள் அந்த அறைக்கு வருவது வழக்கமில்லை. தனலெட்சுமி எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன தவமணி, கீழ நல்லா கேட்டுக்கிட்டு இருந்துச்சே. திரும்பவும் செத்துப் போச்சு. கம்பெனிய கூப்பிட்டீங்களா?"

தவமணி ஒன்றையும் மறைக்கவில்லை. தேன்கூட்டிலிருந்து கம்பியைக் கழற்றியது வரை எல்லாவற்றையும் சொன்னாள். பேசும்போது தன் குரல் உயர்ந்துகொண்டே போவது அவளுக்குக் கேட்டது, அடக்க முடியவில்லை. அவர் முழுதும் கேட்டுவிட்டு, காமாரியாவுக்கு ரத்தம் போன அன்றைக்கு இது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் அங்கிருந்து நேரே நிர்வாகியின் அறைக்குப் போனார். கீழ்த்தளத்தில் வேலை செய்யும் மற்ற டாக்டர்களும் ஒவ்வொருவராக அங்கே போனதாகப் பிறகு தெரிந்தது.

அதன்பின் நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்தார். நெருப்புக் கதவுகளை எந்தக் கம்பியும் தாண்டக் கூடாது, ஓட்டைகளை நெருப்புத் தாங்கும் பசையால் அடைக்க வேண்டும் என்றார். மருத்துவ இயந்திரங்களை அறை அறையாகச் சோதித்தார்கள். ஒரு பழைய மருந்தேற்றி மட்டும் கிராதிக்கு மிக அருகில் வைத்தால் தடுமாறியது. அதைத் தூக்கிவிட்டார்கள். அறுவை அறைக் குழாய்களைத் தொடவில்லை. அங்கே சிவப்பு விளக்கு வைத்த தொலைபேசி வந்தது. மற்ற இடங்களுக்கு பேஜர் கம்பெனியே பீட்டரின் வழியில் ஏரியலைப் பொருத்திக் கொடுத்தது. தினமும் காலையில் கீழ்த்தளத்தில் ஒரு தாதி பேஜரோடு நடக்க, தவமணி மேலிருந்து அழுத்திச் சோதிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை ஷேக் அலாவுதீனே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது என்று பீட்டர் சத்தியம் பண்ணுவார். தவமணி அதைப் பார்க்கவில்லை.

எல்லாம் ஒழுங்கானபின் அவள் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒரு வருடம் இருந்தும் பார்த்தாள். அழுத்தினால் பதில் வந்தது, அழுத்தினால் பதில் வந்தது. அந்த அறைக்குச் சன்னல் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரெங்கும் கைத்தொலைபேசி பரவிக்கொண்டிருந்தது. பேரங்காடி, ஹோட்டல் என்று புதுக் கட்டடங்களுக்குள் அது எடுக்கவில்லை என்று எல்லாரும் குறைபட்டார்கள். கட்டடங்களுக்குள் ஏரியல் போட்டுக் கொடுக்கும் அய்யாக்கண்ணு என்ற குத்தகைக்காரரிடம் பீட்டர் அவளைப் பற்றிச் சொல்லியிருந்தார். தொண்ணூற்றெட்டில், பொருளாதார நெருக்கடியில் மற்றவர்கள் இருக்கிற வேலையைப் பிடித்துக்கொள்ளப் பாடுபட்ட வருடத்தில், தவமணி தன் வேலையை விட்டாள். கால்சட்டையும் கனத்த சப்பாத்துமாக அவள் ஏணியில் ஏறுகிறாள் என்று கேள்விப்பட்ட நல்லம்மா ஒரு மாதம் பேசவில்லை. பிறகு, விழுந்து கிழுந்து தொலைக்காதே என்று சொல்லி முழங்கால் வலிக்கு ஒரு தைலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

புது வேலையில் எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு பேக்டரியில் குழாய் வழியாகவே அலையைக் கொண்டுபோகலாம் என்று உரிமையாளரிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். அவள் உள்ளே தட்டிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அங்கே குழாய்கள் இரும்பே இல்லை, கண்ணாடிப் பஞ்சை அழுத்திச் செய்த பலகை. ஏரியலை உள்ளே விட்டதும் அலை நாலு பக்கமும் கசிந்து, பத்தடியில் செத்துப்போனது. அய்யாக்கண்ணு கோபத்தில் வாயைத் திறக்கவில்லை. அவள் உரிமையாளரிடம் போய், தான் சரியாகப் பார்க்காமல் பேசியது தப்பு, வழக்கப்படி கம்பி இழுத்தே முடித்துக் கொடுக்கிறேன் என்று நேராகச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க உட்கூரைப் பலகைகளுக்கிடையே தவழ்ந்து, உடம்பெல்லாம் பஞ்சு அரிக்க, கம்பி இழுத்தாள்.

வேலை முடிந்த அன்று மாலை, பட்டர்வொர்த் பெர்ரிப் படகு வரிசையில் நின்ற லாரியில், அய்யாக்கண்ணு முதல் தடவையாக வாயைத் திறந்து, அலோர் ஸ்டாரில் ஒரு ஹோட்டல் இருக்கிறது, பழைய கட்டடம், குழாயெல்லாம் இரும்புதான் என்று சொன்னார். தவமணி கழுத்தைச் சொறிந்துகொண்டே, எத்தனை அகலம் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அப்படியானால் நாளைக்கே போய் அளந்துவிடலாம் என்றாள்.